ஒப்படைத்துவிட்டுப் போ, நர்ஸம்மா

ஊருக்குக் கிளம்புகிற நாளிலாவது சமையலறை அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்தது தப்பாகப் போயிற்று. விடிந்ததிலிருந்து பாத்திர மூடிகள் விழுந்துகொண்டே இருந்தன. அந்த வீட்டில் மூடி விழுந்தால் நாத்தனாருக்குக் கோபம் என்று அர்த்தம். கரண்டியும் சேர்ந்து விழுந்தால் அந்தக் கோபம் இவள் மேல் என்று அர்த்தம்.

"அண்ணி, நான் ஏதாவது செய்யட்டுமா?"

"நீ எதுக்கும்மா? சாயங்காலம் ப்ளேன் ஏறப் போறவ! போய்ப் பெட்டியைக் கட்டு. இங்க இருக்கறவங்களப் பாத்துக்கத்தான் ஒரு வேலைக்காரி இருக்காளே..."

"அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி..."

"பேசினா என்ன தப்பு? ஆறு வருஷமா எங்கப்பாவுக்கு என் கையால மாத்திரை கொடுத்தேன். செத்தா போயிட்டாரு? நீ வந்து இருபது நாள்ல டப்பா வாங்கிட்டே, பேரு எழுதி ஒட்டிட்டே... எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லிட்டே!"

ஒரு கரண்டி விழுந்தது.

அவள் அதை எடுத்துக் கழுவி வைத்தாள். பேசாமலிருப்பது அவளுக்குக் கல்யாண நாளிலிருந்தே பழக்கம். கணவனின் அச்சகம் இழுத்து மூடப்பட்டு, குடியிருந்த வீடும் கையை விட்டுப் போகும் என்ற நிலை வந்தபோது, எட்டு வயது மகளைத் தூக்கத்திலேயே முத்தமிட்டுவிட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போனவள். அன்றைக்குத் தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாத்தனார்தான் அப்பாவையும் தம்பி மகளையும் பார்த்துக்கொண்டாள். பிள்ளைக்குத் தலை வாரியதும் பரீட்சைக்கு எழுப்பியதும் காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் அவள்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். மனசு அவ்வளவு மோசமில்லை. இதை மருமகள் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்கத்தான் விடவும் மாட்டார்களே!

இந்த விடுமுறைக்காக அவள் இரண்டு வருஷம் மற்ற நர்ஸுகளின் விடுமுறை நாட்களையெல்லாம் தான் வேலை பார்த்து ஈடுகட்டியிருந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு குடும்பம் முழுவதும் ஒன்றாகக் கூடியது. கூடிய முதல் வாரத்திலேயே மாமனாரின் சர்க்கரை மாத்திரைகள் பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஊக்கோடும் பட்டனோடும் கலந்து கிடப்பதைப் பார்த்துவிட்டாள். வார்டில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். டாக்டரிடம் அழைத்துப் போனாள், ஏழு நாளைக்கு ஏழு அறை உள்ள டப்பா வாங்கினாள், காலையில் எதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். நாத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எல்லாரும் வாங்க! போட்டோ! முதல்ல போட்டோ, அப்புறம்தான் டிபன்!" ஹாலிலிருந்து கொழுந்தன் கத்தினான். குடும்பம் கூடினால் அவன்தான் போட்டோகிராபர். "சாப்பிட்டுட்டு நின்னா அண்ணனுக்குத் தொப்பை மட்டும்தான் விழும், முகம் விழாது!"

நடு நாற்காலியில் மாமனார் உட்கார்ந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். எங்கே உட்கார்ந்தாலும் ஸ்டியரிங் முன்னால் இருப்பது போலத்தான் உட்காருவார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. கொழுந்தன் போனை நிறுத்தி வைப்பதும், ஓடி வந்து நிற்பதும், போன் சாய்வதும், மறுபடி ஓடுவதுமாக ஒரு மணி நேரம் போய்விட்டது. யாருடைய கண்ணாவது மூடியிருந்தது. யாராவது சிரிக்காமல் இருந்தார்கள். சிரிக்காமல் இருந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதினோராவது போட்டோவில் மாமனாரின் தலை தொங்கியது.

"அப்பா, நேரா பாருங்க!" என்று சிரித்தான் கொழுந்தன்.

அவள் சிரிக்கவில்லை. வரிசையை விட்டு முன்னால் வந்து அவர் நெற்றியைத் தொட்டாள். சில்லென்று வேர்த்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மாமா... மாமா, இங்க பாருங்க!" அவர் ஏதோ குழறினார். அவள் பெட்டியில் வைத்திருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினை மகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். மாமனாரின் விரலில் இவள் குத்திப் பார்த்தாள். முப்பத்தெட்டு.

"சக்கரை கொண்டா! தண்ணியில நல்லா கரைச்சு... சீக்கிரம்!"

"சக்கரையா?" நாத்தனார் பாய்ந்து வந்தாள். "சக்கரை வியாதிக்காரருக்குச் சக்கரையா கொடுக்கிறே! எங்கப்பாவைக் கொல்லப் பாக்குறியா?"

"அண்ணி, சக்கரை குறைஞ்சு போச்சு. நகருங்க."

அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. நாத்தனார் தன்னை அறியாமல் நகர்ந்துவிட்டாள். இவள் மாமனாரின் தலையைத் தன் தோளில் சாய்த்து, விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் கண் திறந்தார். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அவள் விடவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

டப்பாவில் இன்றைய அறை காலி. ரேடியோ பக்கத்தில் புதிதாகக் கிழித்த மாத்திரை உறை ஒன்று. ஜன்னலோரம், தையல் மெஷின் மேல் இன்னொன்று.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். காரை எடுங்க. இந்த மாத்திரையோட வேகம் நாள் பூரா இருக்கும், மறுபடியும் சக்கரையை இறக்கும்."

பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். க்ளூகோஸ் ஏறத் தொடங்கியது. டியூட்டி டாக்டர் சின்னப் பெண், இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"என்ன நடந்துச்சு?"

"ஒரு மாத்திரை போக வேண்டிய இடத்துல மூணு போயிருக்கு டாக்டர். காலைச் சாப்பாடும் லேட்."

"மூணா! யார் கொடுத்தது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். மகள் முன்னால் வந்தாள். "அம்மா... நான் டப்பாவுல இருந்து..." என்று ஆரம்பித்தவளின் கையை அவள் அழுத்திப் பிடித்தாள். பதினாலு வயசுப் பிள்ளை. இந்தப் பாரத்தை ஆயுசுக்கும் சுமக்க வேண்டுமா? ஆறு வருஷம் உழைத்த நாத்தனாரை இத்தனை பேர் நடுவில் நிறுத்த வேண்டுமா?

"வீட்ல மாத்திரைப் பொறுப்பு என்னுது, டாக்டர். தப்பு என் மேலதான்."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

அவள் வாய் திறப்பதற்குள் கணவன் சொல்லிவிட்டான். "நர்ஸ் டாக்டர். வெளிநாட்டுல."

"நர்ஸா! உங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் கொடுப்பீங்களா?"

உள்ளூரிலும் வெளிநாட்டிலுமாகப் பார்த்த பதினெட்டு வருஷ நர்ஸ் வேலையில் ஒரு மாத்திரை அவள் கையில் தவறியதில்லை. அந்த ஒரே ஒரு பெருமையைத்தான் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே கொண்டுபோனாள். அது அந்த வார்டு வாசலில், குடும்பத்தார் எல்லோர் முன்னாலும் உடைந்தது. தலை குனிந்து நின்றாள்.

வராந்தாவுக்கு வந்ததும் நாத்தனார் வெடித்தாள். "கேட்டீங்களா எல்லாரும்? அவளே ஒத்துக்கிட்டா! நான் சொன்னப்ப பொறாமைன்னு நினைச்சீங்க... எங்கப்பா உசிரோட விளையாடிட்டாளே! சாயங்காலம் நிம்மதியா ப்ளேன் ஏறிடுவா! போகட்டும்... போனவ இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது!"

கணவன் தரையைப் பார்த்தான். அவன் எப்போதும் தரையைப் பார்ப்பவன்தான். ஆனால் மகள் அவளைப் பார்த்தாள், 'ஏம்மா இப்படிச் சொன்னே' என்று கேட்கிற கண்ணோடு. இந்தப் பழியோடு ப்ளேன் ஏறினால் அடுத்த விடுமுறைக்கு எந்த முகத்தோடு இந்த வீட்டுக்குத் திரும்புவது?

அதற்குள் உள்ளேயிருந்து மாமனார் குரல் கேட்டது. லாரிக்காரர் குரல். வராந்தா முழுக்கக் கேட்டது.

"ஏய்! யாரு அங்க சத்தம்? டிபன் எங்க? போட்டோ எடுத்தே பட்டினி போட்டுட்டீங்களே!"

எல்லோரும் உள்ளே ஓடினார்கள். டாக்டர் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியவரே, காலையில மாத்திரை எத்தனை போட்டீங்க?"

"மூணு." கேட்ட உடனே வந்தது பதில். "விடிஞ்சதும் காபியோட பெரியவ ஒண்ணு கொடுத்தா. அப்புறம் பேத்தி டப்பாவைத் திறந்து 'தாத்தா, இன்னைக்கு உள்ளது'ன்னு ஒண்ணு கொடுத்தா. சட்டை போடறப்ப சின்னவன் வந்து 'மாத்திரை போட்டீங்களாப்பா'ன்னு கேட்டான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், உள்ள போட்டுட்டான்."

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வேண்டாம்னு சொல்லக் கூடாதாப்பா!" என்றான் கணவன்.

"எப்படிடா சொல்றது? மூணு வருஷம் கழிச்சு எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்க. ஒவ்வொருத்தரும் பாசமா நீட்டறீங்க. யாரை வாங்கிக்கிறது, யாரை வேணாங்கிறது? பாவம், நர்ஸம்மா ஒருத்திதான் ஒண்ணும் கொடுக்கல. அவ காலையிலேருந்து பெட்டி கட்டிட்டு இருந்தா."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கொழுந்தன் சிரித்தான், மகள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரிக்காமல் நின்றவள் நாத்தனார் மட்டும்தான்.

"சிஸ்டர்," டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க வீட்லயே சக்கரைத் தண்ணி கொடுக்காம இருந்திருந்தா இவர் இப்படிப் பேசியிருக்க மாட்டார். நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவாயில்ல டாக்டர். நானா இருந்தாலும் திட்டியிருப்பேன்."

நாத்தனார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "உனக்கு முதல்லயே தெரியுமா?"

"மெஷின் மேல உறையைப் பாத்தேன் அண்ணி."

"தெரிஞ்சுமா... அத்தனை பேர் முன்னாடி உன் மேல போட்டுக்கிட்டே? நான் உன்னை வாய்க்கு வந்தபடி பேசறப்பவும் வாயைத் திறக்கலியே! அந்த டப்பாவை நம்பக் கூடாதுன்னு வீம்புக்குத்தான்டி கொடுத்தேன்... என் அப்பாவை நானே..."

அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "தப்பு என் மேலயும் இருக்கு அண்ணி. ஆறு வருஷம் நீங்க பாத்த வேலை. உங்களைக் கேட்காம நான் கை வெச்சிருக்கக் கூடாது. முதல் நாளே உங்க கையில டப்பாவைக் கொடுத்திருந்தா இது நடந்திருக்காது." கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "நான் இன்னைக்குப் போகல. போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"போகலன்னா வேலை போயிடும்," என்றான் கணவன். தரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே சொன்னான். "ஏற்கெனவே ரெண்டு நாள் லீவை நீட்டிட்டே."

"மாமா நாளைக்கு வரைக்கும் இங்க இருக்கணும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாக்கணும். எப்படி விட்டுட்டுப் போறது?"

யாரிடம் விட்டுப் போவது என்று அவள் கேட்கவில்லை. ஆனால் நாத்தனாருக்கு அதுதான் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்ப் பக்கம் பார்த்தாள். மதிய டியூட்டி மாறும் நேரம். இரண்டு நர்ஸுகள் கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி கேட்டு எழுதிக்கொண்டாள்.

"என்ன பண்றாங்க?"

"ஹேண்ட் ஓவர் அண்ணி. போறவ ஒவ்வொரு பேஷண்டையும் வர்றவகிட்ட ஒப்படைக்கணும். வர்றவ 'நான் வாங்கிக்கிட்டேன்'னு சொல்ற வரைக்கும் போறவ வார்டை விட்டு நகரக் கூடாது."

நாத்தனார் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மாமனார் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். "அப்ப ஒப்படைச்சுட்டுப் போ, நர்ஸம்மா."

"அண்ணி..."

"என்னை நம்ப முடியலன்னா சொல்லிடு. நம்பினா சொல்லு. எழுதறதுக்குப் பேப்பர் கொடுடி," என்று தம்பி மகளிடம் கை நீட்டினாள்.

அவள் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்கச் சொல்லி நர்ஸிடம் கேட்க வேண்டும். வேர்த்தாலோ குழறினாலோ உடனே கூப்பிட வேண்டும். டாக்டர் சொல்லும்வரை சர்க்கரை மாத்திரை கூடாது. அதன்பின் மாத்திரை ஒருவர் கையால் மட்டும்தான். நாத்தனார் ஒவ்வொன்றையும் எழுதி, திருப்பிச் சொன்னாள். ஒரு இடத்தில் தப்பாகச் சொல்லித் தானே திருத்திக்கொண்டாள்.

"ஒருத்தர் கையால மட்டும். என் கையால. வாங்கிக்கிட்டேன். அடுத்தது?"

"அவருக்கு..." கணவனைக் காட்டினாள். "ராத்திரி சாப்பிடாம படுத்துடுவாரு."

"பொறந்ததுலேருந்து பாக்குறேன். வாங்கிக்கிட்டேன். அடுத்தது?"

அவள் மகளைப் பார்த்தாள். அவள் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இவளைப் பத்தி நீ சொல்லாதே," என்றாள் நாத்தனார். "கோவம் வந்தா பேச மாட்டா, அழுதா காட்ட மாட்டா, அடுத்தவங்க தப்பைத் தன் மேல போட்டுப்பா. நீ இல்லாத ஆறு வருஷமும் உன்னைத்தான்டி வளர்த்திருக்கேன். வாங்கிக்கிட்டேன்... எப்பவோ வாங்கிக்கிட்டேன்."

வீட்டிலிருந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு டாக்ஸி கீழே வந்து நின்றுவிட்டதாகக் கொழுந்தன் வந்து சொன்னான். அவள் மாமனாரின் காலைத் தொட்டாள், மகளின் நெற்றியில் முத்தமிட்டாள், கைப்பையை எடுத்துக்கொண்டாள். முறைப்படி ஒப்படைத்தாயிற்று. நர்ஸ் கிளம்பலாம்.

"நில்லு." நாத்தனார் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள். "எல்லாரையும் என்கிட்ட ஒப்படைச்சுட்டே. அங்க போய் நீ சாப்பிட்டியா, தூங்கினியான்னு பாக்க... உன்னை நான் யாருகிட்ட ஒப்படைக்கிறது?"

ஆறு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. எத்தனையோ பேர் அழுவதைப் பக்கத்தில் நின்று தாங்கிக்கொண்டவள், நாத்தனாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நாத்தனார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழுதுட்டே போ. போய் எறங்கினதும் எனக்குத்தான் முதல் போன் பண்ணணும். உன்னையும் நானே வாங்கிக்கிட்டேன்."