திமிங்கலத்துக்கு ஒரு பங்கு

வேதமுத்து அவளை முதன்முதலாகப் பார்த்தது ஒரு திமிங்கலத்தின் வாய்க்குள் இருந்து.

சிரிக்காதீர்கள். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஐப்பசி மாதம், ஆவடி மார்க்கெட் மைதானத்தில், தூறலுக்கு நடுவே நடந்த சங்கதி இது. லாரிக்குப் போடும் தார்ப்பாயை மூங்கில் வளையங்களில் இழுத்துக் கட்டி, அதற்குள்ளே குனிந்து நின்றுகொண்டிருந்தான் அந்தப் புண்ணியவான். வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் திமிங்கலம். நண்பன் நாகேந்திரன் நடத்தும் வீதி நாடகக் குழுவில் அவனுக்கு அந்த வேடத்தைக் கொடுத்ததற்கு ஒரே காரணம்தான்... திமிங்கலத்துக்கு வசனம் கிடையாது. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் வேதமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டிவிடும்.

கதையும் சின்னதுதான். கொடுவாள் மீசை ஒட்டிக்கொண்டு மீனவ அரக்கனாக நாகேந்திரன் வருவான். ஹாஹா என்று சிரித்து வலையை வீசுவான். திமிங்கலம் துடிதுடித்துச் சாகும். பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்த ஈரம் காய்வதற்குள், பெரிய வலைகளைத் தடை செய்யச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

அன்றைக்கும் வேதமுத்து சாகத் தயாராகத்தான் இருந்தான். அப்போதுதான் வாய் ஓட்டை வழியே அந்தக் கண்கள் தெரிந்தன. மழை சொட்டும் இமைகள்... அதற்குள்ளே கோபம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தலையில் பிளாஸ்டிக் சாக்கு, இடுப்பில் காலி மீன்கூடை. அடேயப்பா, இப்படியும் ஒருத்தி ஆவடியில் இருக்கிறாளா... என்று பார்த்துக்கொண்டே நின்றவன், சாவதை மறந்தே போனான்.

“நிறுத்துய்யா,” என்றாள் அவள். மேளம் நின்றது.

“எங்க நைனா மீசையே வெக்க மாட்டாரு. போன மாசம் அவரு வலையில திமிங்கலக் குட்டி ஒண்ணு மாட்டிக்கிச்சு. தாய் படகைச் சுத்திச் சுத்தி வருது. கத்திய எடுத்து வலைய அறுத்து உட்டாரு. குட்டி பூட்ச்சு. வலையும் பூட்ச்சு. இன்னிக்குப் படகு மணல்ல கீது, நான் அத்தை ஊட்ல தங்கி இங்க மீன் வித்துகினு கீறேன். நீங்க இன்னாடான்னா, அந்த மனுசனுக்கு மீசைய ஒட்டி, வலைய வேற தடை பண்ணுன்றீங்க.”

நாகேந்திரன் சளைத்தவனா? சகோதரி, சுற்றுச்சூழல் என்பது... என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தான். அவள் காத்திருக்கவில்லை. கூடையை இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அவள் போவதற்கென்றே காத்திருந்த மாதிரி மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்து ஓடியது. நட்ட நடு மைதானத்தில் திமிங்கலம் மட்டும் நனைந்துகொண்டு நின்றது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் கால்கள் தாமாகவே ஆவடி மீன் மார்க்கெட்டுக்குப் போயின. அவள் பெயர் ஜெயசீலி என்பதைப் பக்கத்துக் கடைக் குப்பம்மா அவளைக் கூப்பிட்டதில் தெரிந்துகொண்டான். ஜெயசீலி... எவ்வளவு அழகான பெயர். என்ன வேண்டும் என்று அவள் கேட்டபோதுதான், தனக்கு மீன் வாங்கத் தெரியாது என்பதே அவனுக்கு உறைத்தது.

“மீன்...” என்றான்.

“இங்க எல்லாமே மீன்தான்.” அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கி அவன் கால்களில் நின்றது. ஒரு செருப்புக்கு நீல வார், இன்னொன்றுக்குப் பச்சை வார். “ஓகோ... நேத்து தார்ப்பாய்க்கு அடியில இந்தச் செருப்பைத்தான் பாத்தேன். திமிங்கலமே மீன் வாங்க வந்துகீது, குப்பம்மாக்கா.”

குப்பம்மா சிரித்த சிரிப்பில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. வேதமுத்துவுக்குக் காதுமடல் வரை சூடேறியது. ஆனாலும் மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான். தினம் மீன்குழம்பு வைத்தே கை நாறிப்போச்சு என்று அம்மா புலம்பினாள். தெருப் பூனைகள் எல்லாம் அவர்கள் வீட்டு வாசலிலேயே குடித்தனம் வந்துவிட்டன.

வாங்குகிற சாக்கில் பேச்சு வளர்ந்தது. பேசினது முக்கால்வாசி அவள்தான்... அவன் கேட்பான். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தைப் பற்றி, அவள் அப்பா செபாஸ்டியனைப் பற்றி, கடலைப் பற்றி. எங்கே திமிங்கலம் மூச்சு விடுகிறதோ அங்கே மீன் கூட்டம் இருக்கும், அதைப் பார்த்துத்தான் அப்பா படகைத் திருப்புவார் என்றாள். பிடித்த மீனை எப்படிப் பிரிப்பார்கள் என்று அவன் ஒருநாள் கேட்டான். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆளுக்கு ஒரு பங்கு என்றாள். வலைக்கு எதற்குப் பங்கு என்றான் புரியாமல். “அதுவும்தானே ஒழைக்குது,” என்று அவள் சிரித்தபோது, கன்னத்தில் ஒட்டியிருந்த ஒற்றைச் செதில் மினுக்கியது. பையன் காலி. அந்தச் சிரிப்பை அம்பத்தூர் வீடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே சுமந்து போனான்.

வலை போனால் அந்தப் பங்கும் போச்சு, படகும் கரையேறிவிடும் என்பதை மட்டும் அவள் சிரிக்காமல் சொன்னாள். புது வலை வாங்க வழியில்லாவிட்டால் படகை விற்றுவிட்டு அப்பா கூலிக்குப் போக வேண்டியதுதான். கடலில் எவன் முன்னாலும் கைகட்டி நிற்காத மனுஷன்.

சந்தோஷத்தில் மனிதனுக்கு வாய் நிற்காது. பேசவே தெரியாத வேதமுத்து, இதையெல்லாம் நாகேந்திரனிடம் ஒன்று விடாமல் கொட்டினான். விளைவு... அடுத்த ஞாயிறு பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அரக்கன் போய் அழுமூஞ்சி வந்தான். கிழிந்த பனியனோடு, செபாஸ்டியன் என்ற பெயரோடு, நாகேந்திரன் தரையில் உருண்டு புரண்டு ‘ஐயா தர்மவான்களே’ என்று கதறினான். துண்டு விரித்தார்கள். காசு விழுந்தது. தார்ப்பாய்க்குள் வேதமுத்துவின் மனசு சுருக்கென்றது. ஆனால் திமிங்கலத்துக்குத்தான் வசனம் கிடையாதே.

வியாபார விஷயமாகப் பூந்தமல்லிக்குப் போயிருந்த குப்பம்மா அதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் அவன் மார்க்கெட்டுக்குப் போனபோது ஜெயசீலி மெல்லத்தான் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை... ஈரம் மட்டும் இருந்தது.

“அன்னிக்கு அரக்கன். நேத்து பிச்சைக்காரன். நடுவுல மனுசன்னு ஒருத்தன் கீறானே... அவனை உங்களுக்குத் தெரியவே தெரியாதா?”

மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சனி அவன் நாக்கில் உட்கார்ந்திருந்தது. நல்லதுக்குத்தானே செஞ்சோம் என்றான். அவள் தராசைக் கவிழ்த்து வைத்தாள். உங்களுக்கு மீன் இல்லை என்றாள்.

அவனுக்கும் ரோஷம் வந்தது. நான் என்ன கொலையா செய்துவிட்டேன் என்று மார்க்கெட் பக்கமே தலை வைக்காமல் இருந்தான். ரோஷம் நன்றாகத்தான் இருந்தது, லேத்தில்தான் வேலை ஓடவில்லை. இரும்பைக் கொடுத்தால் கோணலாகக் கடைந்து வைத்தான். ஃபோர்மேனிடம் பாட்டு வாங்கினான். கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான்... தப்பு தன்மேல்தான். ஆனால் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

முகம் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை விஷயமே அவனைத் தேடிக்கொண்டு வந்தது.

ஆவடி மைதானத்தில் அப்போதுதான் மேளம் தட்டியிருந்தார்கள். மினி லாரி ஒன்று சரேலென்று வந்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீனவர்கள் குதித்தார்கள். தங்கள் ஆள் பெயரைச் சொல்லி ஊரில் துண்டு விரிக்கிறார்கள் என்ற செய்தி குப்பத்துக்குப் போய்விட்டது. முன்னால் வந்தவர் மீனவர் சங்கத் தலைவர் குணசேகரன். அவருக்குப் பக்கத்தில், மீசையே இல்லாத, ஒல்லியான, நெடுநெடுவென்று ஒரு மனிதர். யாரும் சொல்லாமலேயே வேதமுத்துவுக்குத் தெரிந்தது. அதே கண்கள்.

“எவன்டா அவன்... எம்பேரைச் சொல்லிப் பிச்சை எடுத்தவன்?” செபாஸ்டியன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பொண்ணை ஊர்ல உட்டதே தப்பு. இன்னிக்கே கூட்டினு போறேன். அதுக்கு முன்னால அவனைப் பாக்கணும்.”

லாரிக்கு அந்தப் பக்கம் ஜெயசீலி துணி மூட்டையோடு நின்றிருந்தாள். போகப் போகிறாள் என்று வேதமுத்துவுக்குப் புரிந்தது. மேளத்துக்குப் பின்னால் பம்மியிருந்த நாகேந்திரன், ஓடி வாடா என்று சைகை காட்டினான்.

வேதமுத்து ஓடவில்லை. தார்ப்பாயோடு ஆடி ஆடி நடந்து செபாஸ்டியன் முன்னால் போய் நின்றான்.

“நான்தாங்க,” என்றது திமிங்கலம்.

மீனவர்கள் வளைத்து நின்றார்கள்.

“உங்க கதையை வெளிய சொன்னது நான்தான். தப்பு. உங்க கால்ல விழுறேன். ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன். படகுக்கு ஒரு பங்கு வெக்கிறீங்க. ஒழைக்குதுன்னு வலைக்கும் ஒரு பங்கு வெக்கிறீங்க. நான் மூச்சு உட்ட எடத்தைப் பாத்துத்தானே படகைத் திருப்புறீங்க... எனக்கு ஒரு பங்கு கெடையாதா?”

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். குணசேகரன் முறைத்தார். கடலில் கிடக்கிற உனக்குப் பங்கு எதற்குடா என்றார்.

“எனக்கு வேணாங்க. சங்கத்துலயே இருக்கட்டும். நல்லா மீன் பாடு கெடைச்ச நாள்ல எல்லாப் படகும் என் பங்குன்னு கொஞ்சம் எடுத்து வைங்க. எனக்காக எவரு வலைய அறுக்குறாரோ, அவருக்கு அதை வலையாக் குடுங்க. அது தர்மம் இல்ல. என் உயிருக்கு நான் குடுக்குற கூலி. கூலி வாங்குறவன் பிச்சைக்காரன் இல்லீங்களே.”

சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை. மழை பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பித்தது. யாரும் நகரவில்லை.

குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். பேசியபோது அந்தத் தலைவர் குரல் காணாமல் போயிருந்தது. “போன வருசம் என் வலையில ஒண்ணு மாட்டிச்சு. கத்திய எடுத்தேன்... வலை கடன்ல வாங்கினது. கை வரலை. அது மூச்சு முட்டிச் சாவுற வரைக்கும் பாத்துகினு இருந்தேன். இப்பிடி ஒரு பங்கு இருந்திருந்தா அறுத்திருப்பேன்.” கண்களைத் துடைத்துக்கொண்டு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “இன்னாபா சொல்றீங்க?”

லாரியைச் சுற்றி அங்கேயே பஞ்சாயத்து கூடியது. பங்கு எவ்வளவு, பாடு இல்லாத நாளில் என்ன செய்வது, பொய்யாக அறுத்துவிட்டு வந்து கேட்டால் என்ன செய்வது... சண்டை மாதிரியே பேசினார்கள், கல்யாணம் பேசுகிற மாதிரி முடித்தார்கள். திமிங்கலத்துக்கு ஒரு பங்கு. முதல் வலை செபாஸ்டியனுக்கு. வாங்குவாரா மாட்டாரா என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தார்ப்பாயை ஒரு தட்டு தட்டினார். கூலின்னா வாங்கிக்கிறேன் என்றார். மைதானம் முழுக்க விசில் பறந்தது. ஒளிந்திருந்த நாகேந்திரனுக்கும் தைரியம் வந்து, கையெழுத்து அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு மேளத்தைப் பிளந்துகட்டினான்.

வேதமுத்து தார்ப்பாயிலிருந்து வெளியே வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எதிரே ஜெயசீலி.

“இத்தினி நாள் பேசாத வாய்... இன்னிக்கு எப்பிடிப் பேசிச்சு?”

“நீ போயிடப் போறேன்னு பயம் வந்துச்சு. உங்க நைனாவுக்காகத்தான் கேட்டேன். ஆனா வாயைத் திறந்தது உனக்காக.” முகத்து மழையை வழித்துவிட்டுக்கொண்டான். பிறகு சொன்னான். “எனக்கு உன்னை ரொம்பப் புடிச்சிருக்கு, சீலி.”

அவள் கண்கள் மழையிலே படபடத்தன. சட்டென்று அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லாரி முன்னால் நிறுத்தினாள். “நைனா, இவரு உன்னாண்ட இன்னமோ கேக்கணுமாம்.”

“இன்னாபா... இன்னொரு பங்கா?” என்றார் செபாஸ்டியன்.

லாரி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தது. வேதமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. “இல்லீங்க,” என்றான், தலையை நிமிர்த்தி. “உங்க பொண்ணைக் கேக்குறேன்.”

செபாஸ்டியன் அவனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் மூட்டையின் முடிச்சை நிமிண்டிக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெற்றவருக்கு அது போதாதா? ஊடு தேடி முறையா வந்து கேளு, புது வலை எறக்குற அன்னிக்கு வா என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

லாரி கிளம்பியது. மீனவர்கள் போட்ட கூச்சலில் ஆவடி அதிர்ந்தது. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஜெயசீலி குரல் கொடுத்தாள்.

“வரும்போது உங்க அம்மாவையும் கூட்டினு வாங்க. நைனாவைத்தான் கேக்கணும்... நான் எப்பவோ சரின்னுட்டேன்.”