கை அசைந்தால் ஓடும் கடிகாரம்

அன்று பிற்பகல் துப்பாக்கி அறையில் இருந்தவர்கள்: இறந்துபோன மேஜரின் மகள் இந்து. அவள் கணவன் லோகேஷ். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டதால் பிஸ்டல்களை எடுத்துப்போக ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த போலீஸ்காரர் மாரீஸ்வரன். பதினாறு வருடமாக அந்த வீட்டில் சமையலும் காவலும் பார்க்கும் சுடலைமணி. நான்கு பேர்தான். நான்கு பேரின் மூச்சுக்கும் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. அதை முதலில் கேட்டவன் சுடலைமணி.

சின்னக்கானலில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவை விழுங்கியிருந்தது. அறைக்குள் துப்பாக்கி எண்ணெயும் பழைய தோலும் கலந்த வாடை. கண்ணாடிப் பெட்டியில் எட்டுக் கைக்கடிகாரங்கள். அவற்றில் ஏழுக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். மேஜர் போன பிறகு யாரும் கொடுக்கவில்லை. ஏழும் ஆளுக்கொரு நேரத்தில் நின்றிருந்தன. எட்டாவதுக்குச் சாவி தேவையில்லை. கட்டியிருப்பவனின் கை அசைவிலேயே ஓடும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் அடங்கிவிடும்.

மேஜர் இறந்து இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது.

மாரீஸ்வரன் செல்போனை எடுத்து ஒத்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை என்றார். லோகேஷ் சிரித்தான்.

"ஆளில்லாத வீட்டுல தொரை மாதிரி கட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களாக்கும், சுடலை?"

இல்லை என்று சுடலைமணி சொன்னான். அன்றைய பொழுதில் அவன் சொன்ன ஒரே உண்மை அது. இருபத்தொரு நாளாக அந்த அறைப் பக்கமே அவன் போகவில்லை.

அதற்கு முன்பு போயிருக்கிறான். மேஜர் குளிக்கப் போகும் அரைமணி நேரம் அவனுடையது. எட்டாவது கடிகாரத்தைக் கட்டிக்கொள்வான். பட்டாளத்து பிஸ்டலை, குண்டில்லாததை, உறையோடு இடுப்பில் மாட்டுவான். எஃகின் கனம் இடுப்பில் இறங்கும்போது முதுகு தானாக நிமிரும். ஐம்பத்து நான்கு வயதில், சட்டையில் மீன்குழம்புக் கறையோடு, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே சல்யூட் அடிப்பான்.

அந்த நாளிலும் அப்படித்தான் நின்றான். குளியலறையில் ஏதோ கனமாக விழுந்தது. "சுடலை" என்று மேஜர் கூப்பிட்டார். இந்தக் கோலத்தில் எப்படிப் போவது? பிஸ்டலைக் கழற்றினான். அப்படியே வைத்துவிட முடியாது. எஃகில் விரல் வேர்வை பட்டால் மறுநாளே கறுப்பாகத் தெரியும், மேஜரின் கண்ணுக்குத் தப்பாது. எண்ணெய்த் துணியால் துடைத்தான். துப்பாக்கிக் குழாயைத் துடைத்தான். பிடியைத் துடைத்தான். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். உறையைத் துடைத்தான். மூன்றாவது தடவை பெயர் முழுதாக வரவில்லை.

எத்தனை நிமிடம் என்று அவனுக்குத் தெரியும். கையில் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டு.

இந்து இப்போது அந்தக் கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"சுடலைண்ணே, அப்பா விழுந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க? கூப்பிட்டாரா?"

அவள் குற்றம் சாட்டவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்தக் குரல் யார் காதிலாவது விழுந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது. லோகேஷின் சிரிப்பு இன்னும் காய்ந்திருக்கவில்லை. கண்ணாடி, சல்யூட், எண்ணெய்த் துணி, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"அடுப்பாங்கரைல நின்னேம்மா. குக்கர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

இந்து தலையை ஆட்டினாள். பிறகு அவன் இடது கையைப் பிடித்து இழுத்து, கடிகாரத்தைத் தானே கட்டிவிட்டாள். "அப்பாவுக்கு உங்க மேல அவ்வளவு பிரியம். நீங்களே வச்சுக்கங்கண்ணே." வார் நேராக மூன்றாவது துளையில் போய் உட்கார்ந்தது. அவன் மணிக்கட்டின் அளவில் அந்தத் துளை முன்பே அகன்றிருந்தது. அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. அவன் நிமிரவே இல்லை.

கடிகாரம் சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்தது போல.

மாரீஸ்வரன் இரண்டு பிஸ்டல்களின் நம்பரையும் எழுதி, துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டார். ஐந்தரைக்கு ஜீப்பும் காரும் பனிக்குள் இறங்கின. கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கரன்ட் போனது.

சுடலைமணி கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தான். ஈரத்தில் தோல் உப்பி, வார் கொக்கியை விடவில்லை. ஈரம் எங்கிருந்து வந்தது? முகர்ந்தான். மேஜரின் சந்தன சோப்பு.

குளியலறைப் பக்கம் தண்ணீர் சொட்டியது.

"சுடலை."

கத்தவில்லை. நம்பிக்கையோடு கூப்பிடுகிற குரல். பக்கத்திலேயே ஆள் இருக்கிறான், வந்துவிடுவான் என்ற குரல்.

ஓடிவிடலாம். வாசல் நான்கு எட்டில் இருந்தது. கால் வாசலுக்குத்தான் திரும்பியது. ஆனால் இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்து நின்றது. பனியோடு வந்த பயத்தைவிட அது பழையது, கனமானது.

"வாறேன்யா," என்றான். அன்று சொல்லியிருக்க வேண்டியது. "இந்தா வந்துட்டேன்."

குளியலறைக் கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே இருட்டு. காலடியில் தரை ஓடு ஈரமாக இருந்தது. குனிந்தான். கையை நீட்டித் தரையைத் துழாவினான். ஓடு. வாளி. ஓடு.

ஒரு கை.

குளிர்ந்து, ஊறி, தோல் சுருங்கிய கை. அது அவன் மணிக்கட்டைப் பற்றியது. எழுந்திருக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தான். காலை ஊன்றித் தூக்கினான்.

அது எழவில்லை.

கீழே இழுத்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.