சுவர் முழுக்க ஒரே வெளிச்சம்

டார்ச் வெளிச்சத்தின் நடுவே ஒரு கறை இருந்தது.

டார்ச் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து, அவர் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி எதிர்ச்சுவரில் அடித்தார். பளிச்சென்ற சின்ன வட்டத்துக்குள் ஒரு முழ அகலத்துக்கு மங்கலான கறுப்பு அப்படியே நின்றது. கண் களைத்துப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். காலையிலிருந்து இது மூன்றாவது தொட்டி.

ஆஸ்பத்திரியின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி அது. தண்ணீரை இறைத்துக் காலியாக வைத்திருந்தார்கள். சுவரில் விரிசல் இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் சாயங்காலம் தண்ணீர் விடுவார்கள். ஓர் ஆள் உள்ளே இறங்க வேண்டும், ஓர் ஆள் மேலே காவல் இருக்க வேண்டும். மேலே இருந்தவர் அவருடைய சகலை. இருவரும் இருபது வருஷமாக மாறி மாறி இறங்கியவர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் சகலைக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்தார்கள். ஏணிப் பக்கமே போகக் கூடாது, அதிர்ச்சி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் சகலையின் முறைக்கும் அவரே இறங்கினார். அடுத்தவர் பாரத்தில் கொஞ்சம் தாங்கத்தான் கடவுள் நமக்குத் தோளைக் கொடுத்திருக்கிறார் என்று நம்புகிறவர் அவர். அந்தத் தோள் இப்போதெல்லாம் ராத்திரி முழுக்க வலித்தது.

மேலே சதுர வாயிலில் சகலையின் தலை தெரிந்தது. "என்ன சகலை, வேலை பார்க்கிறியா, படுத்துட்டியா?"

"டார்ச் சரியில்ல. நடுவுல மட்டும் கண்ணைக் குத்துது, சுத்தி ஒரே இருட்டு. இதை வெச்சுக்கிட்டு எந்த விரிசலைப் பார்க்கிறது?"

"ரொட்டி சுத்தின பட்டர் பேப்பர் இருக்கு. போடட்டுமா?"

"ரொட்டி எங்கே?"

"என் மச்சினி கைப்பக்குவம்யா. விட முடியல."

"அது உன் மச்சினி எனக்குக் கட்டிக் கொடுத்தது!"

சிரிப்பும் தாளும் சேர்ந்து இறங்கி வந்தன. தாளைக் கிழித்து டார்ச் முகத்தில் போர்த்தி ரப்பர் பேண்ட் மாட்டினார். ஒரு மடிப்புக்கு வட்டத்தின் விளிம்பு இன்னும் தெரிந்தது. தாளைக் கையில் நன்றாகக் கசக்கி, பிரித்து, இரண்டு மடிப்பாகப் போட்டார். அப்போதுதான் வெளிச்சம் விளிம்பில்லாமல், பால் சிந்தியதுபோல, சுவரின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரே அளவாகப் பரவியது.

ஈர சிமெண்ட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாசனை மூக்கின் அடியில் அரித்துக்கொண்டிருக்க, எங்கோ ஒரு குழாய் வாயிலிருந்து சொட்டு விழுந்து, விழுந்த சத்தம் நான்கு சுவரையும் தொட்டுத் திரும்பி வர, அவர் அசதியோடு மேலிருந்து கீழாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்து, நடுவில் நின்றார்.

கறை போகவில்லை. அதற்குத் தோள்கள் இருந்தன. தலை இருந்தது. பக்கத்தில் தொங்கும் கைகள் இருந்தன. சின்ன வட்டத்தில் இதுவரை அவர் பார்த்தது அதன் நெஞ்சை மட்டும்.

ஒரு மனித நிழல்.

தன் நிழல்தான் என்று நினைக்கப் பார்த்தார். டார்ச்சை முன்னால் நீட்டிப் பிடித்திருப்பவரின் நிழல் முன்னால் எப்படி விழும்? அவருக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றும் இல்லை. வெறும் ஈரத்தரை.

அணைத்தார். கடவுளே என்றார். போட்டார்.

நிழல் இப்போது பெரிதாகியிருந்தது. நிழல் பெரிதானால், அதற்கு உரியது விளக்குக்குக் கிட்டே வருகிறது.

டங். டங். டங். சகலை ஏணியைத் தட்டினார். கீழே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். மூன்று முறை தட்டியும் பதில் இல்லையென்றால் மேலே இருப்பவர் இறங்கிவிடுவார். அது அவர்கள் இருவரும் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

பதில் சொல்ல வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டது.

டங். டங். டங்.

நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை. அது போதும். அவன் இறங்கக் கூடாது. அந்த நெஞ்சோடு இறங்கக் கூடாது.

மூன்றாம் முறையும் தட்டல் கேட்டபோது, "வராதே" என்றார். முனகலாகத்தான் வெளியே வந்தது.

"சகலை! இரு, இதோ வந்துட்டேன். பயப்படாதே!"

ஏணி அதிர்ந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு கேட்டது. சகலை இறங்கி, ஈரத்தில் சளக் சளக்கென்று நடந்து வந்து, அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கண் போன திசையைப் பார்த்தார்.

"என்னய்யா இருக்கு அங்கே? நீ நில்லு. நான் பார்க்கிறேன்."

அவர் தடுப்பதற்குள் சகலை அவரைத் தாண்டி வெளிச்சத்துக்குள் போய்விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய நிழலும் சுவரில் விழுந்தது. அந்த இன்னொன்றின் பக்கத்தில்.

"ஒண்ணுமில்லையே. என் நிழலைத் தவிர ஒரு கறையும் காணோம்."

டார்ச் பிடித்திருந்தவருக்கு இரண்டு நிழல் தெரிந்தது.

இன்னொன்று திரும்பியது. கையை உயர்த்தியது. சகலையின் தோளைத் தொட்டது.

"பயந்துட்டியா?" சகலை திரும்பாமலே மெல்லச் சிரித்தார். "சரி, கையை எடு சகலை. ஜில்லுனு இருக்கு."

அவர் பத்தடி தள்ளி நின்றிருந்தார். இரண்டு கைகளும் டார்ச்சின் மேல் இருந்தன. அணைக்கத் துணிவு வரவில்லை. ஆட்டக்கூடத் துணிவு வரவில்லை.

சுவர் முழுக்க ஒரே அளவாகப் பரவியிருந்த அந்த வெளிச்சத்தில், கை தோளிலிருந்து இறங்கியது. விரல்கள் சகலையின் நெஞ்சு நிழலுக்குள் போயின. பிறகு மணிக்கட்டு. பிறகு, எதையோ தேடுவதுபோல மெதுவாக, முழங்கை.