நடப்பு மாணவர்கள்

ஒரு வரி மாறியிருக்க வேண்டும். திரையின் அடியில் 'முன்னூற்றுப் பதினேழு வரிகள் மாற்றப்பட்டன' என்று வந்திருந்தது.

அவள் மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதே எண்.

பல்கலைக்கழகத்தின் தரவுத்தளப் பிரிவில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அவள் எழுதிய கட்டளையில் மூன்றே வரிகள்தான் இருந்தன. நிலையை 'நடப்பு மாணவர்' என்று மாற்று. இப்போது 'காலமானவர்' என்று இருப்பவருக்கு மட்டும். அதிலும் இந்தச் சேர்க்கை எண்ணுக்கு மட்டும். மூன்றாவது வரியில் இருந்தது தம்பியின் எண். மூன்று வரிகளையும் மவுஸால் தேர்ந்தெடுத்து ஓட்டுவதற்குப் பதிலாக, அவசரத்தில் மேல் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டியிருக்கிறாள். பல்கலைக்கழகம் தொடங்கிய நாளிலிருந்து படிக்கும்போதே இறந்துபோன முன்னூற்றுப் பதினேழு பேரும் இப்போது நடப்பு மாணவர்கள்.

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பதறாதே, இது சரிசெய்யக்கூடிய தப்புதான் என்று மனதுக்குள் சொன்னாள். ஒவ்வொரு வரியிலும் மாற்றிய நேரமும் மாற்றியவர் பெயரும் பதிவாகும். பெயர் 'பயிற்சி நான்கு'. அது அவள்தான். அந்த நேரத்தை வைத்து எல்லாவற்றையும் திருப்பிப் போட அரை நிமிஷம் போதும். ஆனால் திருப்பிப் போட்டால் தம்பியும் திரும்பப் போய்விடுவான். அவன் கணக்கு பூட்டிக்கொள்ளும். பக்கத்துத் திரையில் அந்தக் கணக்கிலிருந்து ஓடிக்கொண்டிருந்த நகல் நின்றுவிடும்.

நகல் பதினெட்டு சதவீதத்தில் இருந்தது.

இறந்தவரின் பல்கலைக்கழகக் கணக்கு தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிடும் என்பது விதி. தொண்ணூறாவது நாள் இன்று, சனிக்கிழமை, இரவு எட்டு மணிக்கு. தம்பி வளாக வானொலியில் நிகழ்ச்சி நடத்தியவன். அவன் பேசிச் சிரித்துப் பதிவு செய்த நாற்பத்து மூன்று ஒலிப்பதிவுகளும் அந்தக் கணக்கில்தான் இருந்தன. அம்மாவின் போனில் இருந்ததெல்லாம் அந்தப் போன் தண்ணீரில் விழுந்த அன்றே போயிற்று. இதைவிட்டால் அவன் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அனுமதி கேட்டு முறையாகத்தான் எழுதிப் போட்டாள். பதினோரு நாளாக அந்தக் கடிதம் மேசை மேசையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. அவனைக் 'காலமானவர்' என்று மாற்றியதும் அவள்தான். நிலை மாற்றச் சொல்லி அந்த வாரம் வந்த பட்டியலில் ஏழு எண்கள் இருந்தன, ஐந்தாவது அவனுடையது. அண்ணன் அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் பிரிவு அதிகாரி, "நீ வேண்டாம்மா, நான் பாத்துக்கறேன், குடு" என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு தானே செய்தாள். வீட்டுக்கு இரங்கல் கடிதம் போனபோது, அடியில் அவள் பயனர் பெயர் அச்சாகியிருந்தது. "உன் கையாலயா போட்ட?" என்று அம்மா கேட்டாள். அதற்குப் பிறகு அம்மா அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

நகல் முடிய இன்னும் நாற்பது நிமிஷம். விடுமுறை நாள், வளாகத்தில் ஈ காக்கை இல்லை. நகல் முடிந்ததும் எல்லாரையும் திருப்பிப் போட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மூன்று மணி வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் அதே வெள்ளை வெளிச்சம், அதே குளிர், அடுக்கடுக்காக நின்ற இரும்புப் பெட்டிகளின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும் அதே இரைச்சல், சூடான தூசியின் அதே வாசனை. ஐந்து மாதத்தில் அதெல்லாம் பழகிப்போயிருந்தது. அதனால்தான் அந்த வாசனைக்குள் இன்னொன்று கலந்தபோது உடனே தெரிந்தது. ஈரப் பஞ்சும் மருந்தும் கலந்த வாசனை, அதற்கடியில் ஆற்றுச் சேறு.

ஏ.சி. குழாயில் ஏதாவது செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை மட்டும் மூன்றாவது திரைக்குத் திருப்பினாள். வளாகத்துக் கதவுகளில் மாணவர்கள் அட்டையைக் காட்டும்போது அதில் ஒரு வரி விழும். காலையிலிருந்து காலியாக இருந்த திரையில் இப்போது நான்கு வரிகள் இருந்தன.

பிரதான வாசல். பிரதான வாசல். நீச்சல் குளத்துப் பின்கதவு. பிரதான வாசல்.

சேர்க்கை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் சேர்ந்த ஆண்டு. முதல் எண் ஆறு வருஷத்துக்கு முந்தையது. இரண்டாவது பதினைந்து. நான்காவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆண்டில் அட்டை என்று ஒன்றே கிடையாது.

போன் அடித்தது. துள்ளி விழுந்தாள். வாட்ச்மேன்.

"மேடம், இன்னிக்கு லீவுதானே? பசங்க வர்றாங்களே மேடம்."

"எத்தன பேரு?"

"மொதல்ல ரெண்டு மூணு பேரா வந்தாங்க. இப்ப சாரசாரையா வர்றாங்க. எல்லாருக்கும் பச்ச லைட்டு எரியுது, நான் எப்படி நிறுத்தறது? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. ஒரு பொண்ணு மட்டும் பேசிச்சு மேடம். சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. வெயிலு மேடம், வெளிய."

"என்ன பேசினா?"

"பயிற்சி நாலு எங்க இருக்காங்கன்னு கேட்டுச்சு. அப்படி யாரும் இல்லம்மான்னு சொன்னேன். மேடம், எனக்கு ஒரு மாதிரி..."

தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நகல் அறுபத்தொன்று.

கதவுத் திரையில் வரிகள் மளமளவென்று விழுந்துகொண்டிருந்தன, படிப்பதற்குள் மேலே ஓடின. நூலகம் இல்லை, விடுதி இல்லை, எல்லாம் ஒரே திசையில். கணினிப் பிரிவு, வெளிக்கதவு. கணினிப் பிரிவு, வெளிக்கதவு. தரைத்தளம். தரைத்தளம். பிறகு அது காதிலும் கேட்டது. இரண்டு மாடிக்குக் கீழே, கதவருகே இருக்கும் கருவி அட்டையைக் கண்டால் போடும் சின்ன 'பீப்'. ஒன்று. இன்னொன்று. இடைவெளியே இல்லாமல். அதன் பின்னால் படியேறும் சத்தம், செருப்புச் சத்தம் இல்லாத காலடிகள், அவசரமே இல்லாத காலடிகள்.

அவள் எழுந்து போய் அறைக் கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. ஆனால் அது சாவிப் பூட்டு இல்லை. அட்டைப் பூட்டு. நடப்பு மாணவர் எவர் காட்டினாலும் கணினிப் பிரிவில் எல்லாக் கதவும் திறக்கும்படி போன வாரம்தான் தேர்வுக்காக மாற்றி வைத்திருந்தார்கள்.

முதல் மாடி.

ஓடி வந்து உட்கார்ந்தாள். திருப்பிப் போடும் கட்டளையை எழுதினாள். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன, அழித்து அழித்து எழுதினாள். நிலையை 'காலமானவர்' என்று மாற்று. பயிற்சி நான்கு இன்று மாற்றிய எல்லாருக்கும்.

நகல் எழுபத்தாறு.

இரண்டாம் மாடி. நடைபாதை. சேற்று வாசனை மூக்கை அடைத்தது. புகை வாசனையும் வந்தது.

ஓட்டு. ஓட்டித் தொலை.

அவள் ஓட்டவில்லை. இன்னொரு வரி சேர்த்தாள். இந்த ஓர் எண்ணைத் தவிர.

கதவில் யாரோ உள்ளங்கையை வைத்தார்கள். ஒரு கை. பல கைகள். தட்டவில்லை, சும்மா வைத்தார்கள்.

இந்த முறை எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்தாளா என்று விரலால் திரையைத் தொட்டு எண்ணினாள். ஓட்டினாள்.

முன்னூற்றுப் பதினாறு வரிகள் மாற்றப்பட்டன.

கதவிலிருந்து கைகள் போய்விட்டன. அவை விலகிய சத்தம் கூட இல்லை. நடைபாதையில் ஒருவரும் இல்லாத நிசப்தம். விசிறிகளின் இரைச்சல் மட்டும். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள், தொண்ணூறு நாளில் முதல் தடவையாக வாய்விட்டு, வீட்டில் அழ முடியாத அழுகையெல்லாம் சேர்த்து.

நிமிர்ந்தபோது நகல் முடிந்திருந்தது. நூறு சதவீதம். நாற்பத்து மூன்று ஒலிப்பதிவுகள். இனி அவனையும் திருப்பிப் போட்டுவிடலாம். வேலை முடிந்தது.

கதவுத் திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. பிரதான வாசல்.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

அவன் மெதுவாகத்தான் வந்தான். வெளிக்கதவுக்கும் தரைத்தளத்துக்கும் நடுவில் பத்து நிமிஷம் ஆயிற்று. படிகளில் அதற்கும் மேலே. ஒரு காலடி, பிறகு எதையோ இழுக்கும் சத்தம். ஒரு காலடி, இழுக்கும் சத்தம். பஸ் அவன் பைக்கை இழுத்துக்கொண்டு போன தூரத்தைப் போலீஸ்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் அசையவில்லை. வரட்டும், என் தம்பிதானே என்று நினைத்தாள்.

பீப்.

கதவு திறந்தது.

தலையைச் சுற்றி ஆஸ்பத்திரிக் கட்டு, அவர்கள் கடைசியாகக் கட்டியபடியே. வாயோரம் குழாயை ஒட்டிய பிளாஸ்டர். வலது கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் மட்டும் அவன் கண்.

"அக்கா" என்றான். அது அந்த நாற்பத்து மூன்று பதிவுகளில் இருந்த குரல் இல்லை.

"வந்துட்டியாடா" என்றாள் அவள். "வந்துட்டியாடா, ராஜா."

"வலிக்குதுக்கா."

"எங்கடா? எங்க வலிக்குது?"

"அன்னிக்கு விட்ட எடத்துலேர்ந்து வலிக்குது. நடுவுல வலி இல்லக்கா. நீ கூப்பிட்டதுலேர்ந்துதான்." மூச்சு அறுந்து அறுந்து வந்தது. "மத்தவங்கள அனுப்பிட்டல்ல. என்னையும் அனுப்பிடு."

கட்டளை திரையில் தயாராக இருந்தது. கடைசி வரியை அழித்தால் போதும். அவள் விரல்களை விசைப்பலகையில் வைத்தாள். ஒரு தடவை செய்தவள்தானே, உன் கையாலயா போட்ட என்று அம்மா கேட்டாளே, அந்தக் கையால் இன்னொரு தடவை. அவன் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி காத்திருந்தான். சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் அப்படித்தான் நிற்பான்.

அவள் குனிந்து, விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தாள். போனை எடுத்தாள். மூன்றாவது தடவை மணி அடித்ததும் அம்மா எடுத்தாள்.

"அம்மா, ஆபீசுக்கு வாம்மா. ஒடனே கெளம்பு. அவன் வந்திருக்கான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "யாருடி? யாருடி?" என்ற அம்மாவின் குரல் உடைந்து, அதற்குள் சிரிப்பு வந்து, வாசலை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது.

அவள் கட்டுக்கு வெளியே தெரிந்த கொஞ்சம் முடியைக் கோதிக்கொடுத்தாள். "அம்மா வர்றாங்கடா. கொஞ்சம் பொறுத்துக்கோ." அவனால் இப்போது பேச முடியவில்லை. பிளாஸ்டருக்கு அடியில் வாய் திறந்து திறந்து மூடியது. அவள் உள்ளங்கைக்குக் கீழே அவன் தலை மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று இடமும் வலமும் அசைந்துகொண்டே இருந்தது.