ஸ்பிரிங்கை நம்பாதே!

நிவேஸ் அலறினாள்.

அலறுவதற்கு முன்னால் ஸ்பானரைக் கழுவி, துடைத்து, சுவரில் அதற்கென்று இருந்த ஆணியிலேயே மாட்டியிருந்தாள்!

"ஐயோ... யாராச்சும் வாங்களேன்! என் வீட்டுக்காரரு...!"

ஷெட் தரையில் ஈவானோ கிடந்தார். அவர் மேல் அவருடைய சிவப்பு பெர்ஸானி ரேஸ் பைக். இருநூறு கிலோ இரும்பு. தலைக்குக் கீழே ரத்தம் கல் இடுக்குகளில் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் மணி அடித்தது. இத்தாலி மலையூர் ப்ரிஸிகெல்லாவில் பாதி ஊர் பூசையில் இருந்தது. மீதி ஊர் பைக்கை எடுத்துக்கொண்டு மலை ஏறியிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மிர்கோவும் இப்படித்தான் மலை ஏறினான். ஒரே பிள்ளை. இதே வண்டி. மூன்றாவது வளைவில் போய்விட்டான்.

பிள்ளையைப் புதைத்தார்கள். வண்டியை மட்டும் ஈவானோ ஒவ்வொரு போல்ட்டாகத் திரும்பப் பூட்டி எழுப்பினார்!

இன்றைக்கு மிர்கோவின் பிறந்தநாள். இன்றைக்குப் போய் அந்தச் சனியனை ஸ்டார்ட் செய்தார்...

ரேஸ் வண்டிக்கு கிளட்ச் எண்ணெயில் ஊறாது. காய்ந்தே கிடக்கும். லீவரைப் பிடித்தால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி கடகடக்கும். ஊருக்கு அது சங்கீதம். நிவேஸின் காதில் அது பிள்ளையின் எலும்பு.

இனி அந்தச் சத்தம் கிடையாது. 'விபத்து' என்று போலீஸ் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

போலீஸ் வந்தது!

ஸ்டேஷன் அதிகாரி ஓர்னெல்லா. லீவு நாள். தோல் ஜாக்கெட்டும் கையில் ஹெல்மெட்டுமாக வந்து நின்றாள். அவளும் பைக் பைத்தியம்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"எப்பவும் போலத்தான் ஓர்னெல்லா... அந்தப் பக்கமா உக்காந்து சக்கரத்தைத் தொடைச்சுட்டு இருந்தாரு. வண்டியைத் தன் பக்கமா இழுத்து நிமித்தினாரு. டக்குனு ஸ்டாண்ட் உள்ள போற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தடால்னு..." முந்தானை கிடையாது. ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"டக் சத்தம் கேட்டுச்சா?"

"அடுப்படியில இருந்தேன். நல்லாவே கேட்டுச்சு."

ஓர்னெல்லா பெருமூச்சு விட்டாள். "பெர்ஸானி ஸ்டாண்ட்! ஊருக்கே தெரிஞ்ச எமன். வண்டியைக் கொஞ்சம் தூக்கினாலே ஸ்பிரிங் இழுத்து உள்ள மடக்கிடும். ஸ்டாண்டை எடுக்க மறந்துட்டு ரேஸுல எவனும் விழக்கூடாதுன்னு வெச்சானுங்க. என் முன்பல்லு ரெண்டு போனதே அதாலதான்."

நிவேஸுக்கு மூச்சு சீராயிற்று.

ஆம்புலன்ஸ்காரர்கள் வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டில் சாய்த்தார்கள். ஈவானோ மேல் வெள்ளைத் துணி விழுந்தது.

"காப்பி குடிக்கிறியாம்மா?" என்றாள் நிவேஸ்.

"குடுங்க."

ஓர்னெல்லா கப்பும் கையுமாக வண்டியைச் சுற்றி வந்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை அவளால்.

"என்ன அழகு பாருங்க! பின்சக்கரம் ஒத்தைக் கையில நிக்குது. ஒரே ஒரு நட்டு. கழட்டினா சக்கரம் கையில வந்துடும். ரேஸுல நேரம் மிச்சம். சைலன்ஸர் ரெண்டும் சீட்டுக்கு அடியில... வெயில்ல உக்காந்தா பின்பக்கம் வெந்துடும். ஆனா யாரு எறங்குவா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நான் அதைப் பாக்கறதே இல்லை."

"என்ஜினைப் பத்தி அவரு சொல்வாரே, ஞாபகம் இருக்கா? 'மத்த வண்டியில வால்வைத் தொறக்க ஒரு கை இருக்கும், மூடறது ஸ்பிரிங்தான். வேகம் ஏறினா அது தடுமாறும். நம்ம வண்டியில தொறக்கவும் ஒரு கை, மூடவும் ஒரு கை. ஸ்பிரிங்கை நம்பாதே ஓர்னெல்லா'ம்பாரு!"

"என்கிட்ட என்னென்னமோ சொல்வாரு. யாரு கேட்டா?"

ஓர்னெல்லா சிரித்துக்கொண்டே இடுப்பால் வண்டியை லேசாக முட்டி நிமிர்த்தினாள்.

டக்...?

சத்தம் வரவில்லை!

இன்னொரு தடவை நிமிர்த்தினாள். ஸ்டாண்ட் நீட்டியபடியே நின்றது. குனிந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அம்மா... டக்குனு கேட்டுச்சுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆ... ஆமா."

"ஓ."

அப்போது வாசலில் கூச்சல். பூசை முடிந்து ஓடிவந்த அத்திலியோ. ஈவானோவின் கூட்டாளி, மெக்கானிக். துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"டேய் ஈவானோ... என்னடா இது! எப்படிடா?"

"ஸ்டாண்ட் மடங்கிடுச்சாம்," என்றாள் ஓர்னெல்லா.

அத்திலியோ நிமிர்ந்தான். "மடங்காதே! நேத்து சாயந்திரம் நான்தானே மாத்தினேன்? இது சாதா ஸ்டாண்ட். காலால தள்ளினாத்தான் உள்ள போகும்."

நிவேஸ் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு மாத்தினீங்க? ஃபேக்டரி கொடுத்ததுல ஒரு ஆணியைக் கூட மாத்த விடமாட்டாரே அவரு?" என்றாள் ஓர்னெல்லா.

"மியூசியத்துக்கும்மா! வர்ற போற பிள்ளைங்க தொட்டா மேல விழுந்துடக் கூடாதாம். நாளைக்கு லாரி வருது."

"மியூசியமா...?" நிவேஸின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னான் நிவேஸ். 'ஆறு வருஷமா அவளைச் சித்திரவதை பண்ணிட்டேன்டா. புள்ளை பொறந்தநாள் அன்னிக்குக் கடைசியா ஒரு தடவை ஸ்டார்ட் பண்றேன். நிறுத்திட்டு சாவியை அவ கையிலேயே குடுத்துடறேன்'னான்..."



காலையில் ஈவானோ என்ஜினை நிறுத்திவிட்டுக் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் துடைத்தார். திரும்பாமலே கூப்பிட்டார். 'நிவேஸ், இங்க வாயேன். உன்கிட்ட ஒண்ணு...'

அவ்வளவுதான் அவள் கேட்டது. கை அதற்குள் ஸ்பானரை எடுத்திருந்தது.

ஓர்னெல்லா முழங்காலிட்டு ஈவானோவின் மூடிய வலது கையைப் பிரித்தாள்.

சாவி!

எழுந்து சுவர்ப் பக்கம் போனாள். சக்கர நட்டுக்கான பெரிய ஸ்பானரை முகர்ந்தாள்.

"இந்த ஷெட்ல அவரு எண்ணெய் பூசாம வெச்ச சாமானே கிடையாது. துரு புடிச்சுடும்னு பயம். இது மட்டும் எலுமிச்சை வாசனையா இருக்கேம்மா? பாத்திரம் கழுவற சோப்பா?"

அத்திலியோ ஸ்பானரைப் பார்த்தான். நிவேஸைப் பார்த்தான். ஈவானோ மேல் துணியை மறுபடி இழுத்து மூடினான்.

"அவரு... அவரு சொல்லியிருக்கலாமே ஓர்னெல்லா! ஒரு வார்த்தை... முன்னாடியே..." என்றாள் நிவேஸ்.

"சொல்லத்தான் கூப்பிட்டாரு போல."

நிவேஸ் அழவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினாள். அந்தக் கையில்தான் விலங்கு விழுந்தது. வெளியே மலைப்பாதையில் யாரோ ஒரு பெர்ஸானியை இறக்கிக்கொண்டு வந்தார்கள்... கடகடகடகட.

"அதை நிறுத்தச் சொல்லேன்," என்றாள்.

"ஞாயித்துக்கிழமைம்மா. எத்தனை பேரை நிறுத்த?"

வாசல் தாண்டும்போது நிவேஸ் முதல் முறையாகத் திரும்பி அந்த வண்டியைப் பார்த்தாள். ஸ்டாண்டில் சாய்ந்து, அசையாமல், சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

ஓர்னெல்லா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள்.

"'ஸ்பிரிங்கை நம்பாதே'ன்னு மனுஷன் ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாரு... வீட்டுல மட்டும் யாரும் காதுல போட்டுக்கலை!"