கணபதி உட்கார்ந்த இருக்கை

ஜெயமலர் பதுளையிலுள்ள வீரசிங்கத்தின் வீட்டுக்கு வந்தபோது அழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரரு கணபதி, தோட்டத்து டிரைவருங்க. போன வாரம் புதன்கிழமை ஹாலிஎலப் பக்கம் கார் பாறையில மோதி செத்துட்டாரு. கூட வந்த எங்க சின்னத்துரை, உதவி மேனேஜர் தினேஸ் பொழைச்சுட்டாரு. எங்க வீட்டுக்காரரு தூங்கிக்கிட்டே ஓட்டினாருன்னு பொலிஸ்ல சொல்லியிருக்காரு. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லங்க.”

வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு விபத்து வழக்குகளை ஆராய்பவர். “உடம்பில என்ன காயம் பார்த்தனீங்கள்?” என்று மெல்லக் கேட்டார்.

“சட்டை போட்டுவிட்டப்ப பார்த்தேன். தலையில இடது பக்கம் அடி. இடது தோள்லயிருந்து வலது இடுப்பு வரைக்கும் பட்டையா கன்னிப்போயிருந்துச்சு.”

மறுநாள் பொலிஸ் நிலையத்தின் பின்புறம் அந்தக் கார் நின்றது. முன்பக்கம் நசுங்கி, இடது கதவு உள்ளே குழிந்திருந்தது. வீரசிங்கத்தின் உதவியாளரான இளம் வழக்கறிஞர் சுதர்ஷினி அவசரமாக எட்டிப் பார்த்தாள்.

“முன்னால ரெண்டு எயார்பேக்கும் விரிஞ்சிருக்கு சார். இதை வச்சு யாரு ஓட்டினாங்கன்னு சொல்ல முடியாதே!”

“பொறுங்கோ, பிள்ளை.”

இன்ஸ்பெக்டர் அலவி தினேஸை அழைத்து வந்தார். ஜெயமலர் மதிலோரமாக நின்றாள்.

“நீங்கள் பெல்ட் போட்டிருந்தனீங்களோ?” என்றார் வீரசிங்கம்.

“போட்டிருந்தேன். அதனாலதான் உயிரோட இருக்கேன்.” தினேஸ் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினான். வலது தோளிலிருந்து இடப்பக்கமாக ஊதா நிறத்தில் ஒரு பட்டை இறங்கியது.

வீரசிங்கம் சாரதி இருக்கையின் பெல்ட்டை இழுத்துப் பிடித்தார். “எங்கட நாட்டில சாரதி இருக்கிறது வலப்பக்கம். இது வலது தோளால வந்து இடது இடுப்பில பூட்டும். பக்கத்தில இருக்கிறவருக்கு மற்றப் பக்கம். மோதின உடனே பெல்ட் இறுகி, ஆளை முன்னால போகவிடாமல் பிடிக்கும். அந்த இறுக்கம்தான் இந்த அடையாளம். கணபதிக்கு அது இடது தோளில. பிரேத பரிசோதனை அறிக்கையிலயும் அப்படித்தான் இருக்குது.”

தினேஸ் பொத்தான்களைப் போடத் தொடங்கினான். “நான்தான் சாவியைக் கேட்டு வாங்கினேன்,” என்றான். “போன்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. குனிஞ்சு பார்த்தேன்.”

அலவி அவனை உள்ளே அழைத்துச் சென்றார்.

“அவரும் பெல்ட் போட்டிருந்தாரு. அந்தக் காத்துப் பையும் விரிஞ்சிருக்கு. அப்புறம் ஏங்க செத்தாரு?” ஜெயமலரின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

“முன்பக்க அடியை அதுகள் தாங்கிட்டுது. பிறகு கார் சுழன்று, அவர் இருந்த பக்கத்துக் கதவு பாறையில அடிச்சிருக்கு. கதவுக்கும் தலைக்கும் இடையில ஒரு சாண் இடமும் இல்லை. பக்கவாட்டில விரியிற பை இந்தக் காரில இல்லை.”

அவள் தலையாட்டினாள். சுதர்ஷினி அவள் கையைப் பிடித்து, “இனி யாரும் அவரைக் குறை சொல்ல முடியாதுங்க அக்கா,” என்றாள்.

“சரிங்க,” என்றாள் ஜெயமலர். காரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “இன்னைக்கு என்ன கிழமைங்க?”

“வெள்ளி.”

“அப்ப அவரு போயி ஒம்பது நாளாச்சு,” என்றாள். பிறகு காரின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.