படைப்பறைக் கதவு

பங்குனி வெயிலில் திருமயத்தில் திருச்சி பஸ்ஸை விட்டிறங்கி, வண்டி பிடித்து, நாலு மைல் புழுதி குடித்துக்கொண்டு மீனாளும் அவள் புருஷன் குமரப்பனும் வடகுளம்பட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அது 1957ஆம் வருஷம். வீடு என்றால் அப்படி இப்படி வீடில்லை. ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் போய் முடியும். அத்தனை பெரிய வீட்டில் வருஷம் முழுக்க இருப்பது இரண்டே பேர்: குமரப்பனின் பெரியப்பா சம்சாரம் சாலா ஆச்சி, அவளுக்குப் பொங்கிப்போடுகிற செவந்தி.

ஆச்சிக்கு எழுபத்திரண்டு வயது. பிள்ளை குட்டி இல்லை. புருஷன் பர்மாவிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். காது கொஞ்சம் மந்தம். ஆனால் அந்தக் குடும்பத்தில் மீனாளை ஒரு சொல் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை என்று மற்றவர்கள் முணுமுணுத்தபோது, "எனக்குந்தான் இல்ல. என்ன, நான் மனுசியா இல்லாமப் போயிட்டேனா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டவள். அன்றைக்கே மீனாள் அவளுக்கு அடிமை.

"வாத்தா மீனா. வெயில்ல கருத்துப் போயிட்டியே. மொதல்ல தண்ணியக் குடி."

"நீங்க சாப்பிட்டீங்களா அயித்தை?"

"இன்னைக்கு எனக்கு விரதம்டி. படைப்பு முடிஞ்சுதான் எல்லாம்."

படைப்பு என்பது அந்தக் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒரு நாள். செத்துப்போன முன்னோர்களுக்குப் புதுச் சேலை, வேட்டி வைத்து, இலை போட்டுச் சோறு படைத்துக் கும்பிடுவார்கள். அதற்கென்று வீட்டின் பின்கோடியில், கடைசிக் கட்டில், ஒரு அறை உண்டு. ஜன்னல் கிடையாது, ஓட்டுக்கடியில் காற்றுக்குக் கையகலத் துவாரம், அவ்வளவுதான். ரங்கூன் தேக்கில் நாலு விரல் கனத்தில் கதவு. உள்ளே முன்னோர் துணிகள் இருக்கும் ஓலைப்பேழைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். படைப்பு முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் உள்ளே வைத்துவிட்டுப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் பூட்டியதுதான். அடுத்த வருஷம் பங்காளிகள் அத்தனை பேரும் கூடினால்தான் திறப்பு.

பூட்டுவதற்கும் ஒரு முறை இருந்தது. அந்த வருஷத்து முறைக்காரர் வீட்டு மருமகள் அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வந்து, கையைப் பின்னால் விட்டுக் கதவை இழுத்து, பார்க்காமலே பூட்ட வேண்டும். முன்னோர் சாப்பிட உட்கார்ந்திருப்பார்களாம். பார்க்கக் கூடாது.

அந்த வருஷம் முறை குமரப்பனுடையது. வந்த அன்றே, செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் மீனாள் முதுகைக் காட்டி வந்து, பின்கையால் கதவை இழுத்துப் பூட்டி, சாணளவு நீளச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிசகாமல் செய்தாயே என்று மூத்த பங்காளி உடையப்பன் வாய்விட்டு மெச்சினார்.

அன்றைக்கு வீட்டில் அறுபது பேர் இலையில் உட்கார்ந்தார்கள். அந்தக் களேபரத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று யார் கண்டது? புதன்கிழமை காலையில் செவந்திதான் வந்து கேட்டாள்.

"ஆச்சி உங்க கூடவா படுத்திருந்தாக?"

"இல்லையே. அவுக அறையிலதானே..."

"பாய் விரிச்சபடியே கெடக்குதுங்க. படுக்கவே இல்ல."

தேடினார்கள். மாடி, கொல்லை, கேணி, மாட்டுக்கொட்டில், கோயில். எங்கேயும் இல்லை. அப்போது வண்டிக்கார ஆண்டிச்சாமி முன்னால் வந்து நின்றான். "நேத்து வெளக்கு வச்சு ஒரு நாழிகை இருக்கும். ஆச்சி ஊருணிப் பக்கமாப் போனாகளே! நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்று சத்தியம் செய்தான். அவன் பார்த்தது வேறு எந்தக் கிழவியையோ, அல்லது ஒன்றுமே பார்க்கவில்லையோ. ஊர் தன்னைச் சுற்றி நின்று கேட்கிற சுகம் அவனுக்கு வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கிடைத்தது. கேட்கக் கேட்க அவன் கதைக்குக் கண்ணும் மூக்கும் முளைத்தது. ஆச்சி கையில் மூட்டை வந்தது. பின்னாலேயே ஒரு ஆள் வந்தான். அந்த ஆள் குமரப்பன் உயரம் இருந்தான்.

போதாதா ஊருக்கு! காசிக்குப் போய்விட்டாள் என்றது ஒரு கட்சி. ஆச்சி பெட்டியிலிருந்த வைரத்தோட்டுக்காகக் குமரப்பன் தீர்த்துவிட்டான் என்றது இன்னொரு கட்சி. மீனாள் புதன்கிழமை தலைக்குக் குளித்ததையும் சேலையை அலசிப் போட்டதையும் கூட விடவில்லை. "எதுக்கு அலசுனா? என்ன கறை?" என்று கிணற்றடியில் பேசியது அவள் காதிலேயே விழுந்தது. அயித்தையைத் தேடி அழுவதா, தன் பேரை நினைத்து அழுவதா என்று தெரியாமல் அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை திருமயத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லா அறையையும் திறந்து காட்டச் சொன்னார். கடைசிக் கட்டுக்கு வந்ததும் உடையப்பன் குறுக்கே நின்றுவிட்டார்.

"இது படைப்பறைங்க. வருச நடுவுல தொறந்தா வம்சம் தங்காது. ஆச்சி வெளியில போனத பார்த்த ஆளு இருக்கானே, அப்புறம் இங்க என்ன தேடுறீங்க?"

இன்ஸ்பெக்டர் ஆண்டிச்சாமியைப் பார்த்தார். ஆண்டிச்சாமி பெரிதாகத் தலையாட்டினான். ஊருணியில் ஆள் இறக்கத் தீர்மானமாயிற்று.

ஊரே ஊருணிக் கரைக்குப் போய்விட்டது. வீட்டில் மீனாளும் செவந்தியும் மட்டும். உச்சி வேளை. முற்றத்தில் வெயில் அசையாமல் நின்றது. காக்கைச் சத்தம் கூட இல்லை. எங்கிருந்தோ பழைய சாம்பிராணியும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாடை வந்தது.

டொக். டொக். டொக்.

செவந்தி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

மறுபடியும் மூன்று தட்டு. கடைசிக் கட்டிலிருந்து. மரத்தின் மேல், தரைக்குப் பக்கத்தில், பலமில்லாமல்.

"ஆத்தாடி! படைப்பறையில!" என்று செவந்தி தெருவுக்கு ஓடினாள். அவளோடு சேதியும் ஓடியது.

வெள்ளிக்கிழமை உச்சிக்கு அந்தக் கதவின் முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். நாலு விரல் தேக்கைத் தாண்டி ஆள் குரல் எதுவும் வரவில்லை. தட்டு கேட்டது. நாற்பது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் விழுந்து கும்பிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து குறி சொல்கிற பிச்சையம்மாளைக் கூட்டி வந்தார்கள். அவள் கதவருகே காதை வைத்துக் கேட்டாள், கண்ணை மூடினாள்.

"சாலா ஆச்சிதான். தண்ணியில கெடக்கா. முன்னோரோட வந்து சேர்ந்துட்டா. நாயம் கேக்குறா. கதவத் தொறந்தீங்க, ஒரு உசிரக் கொண்டுட்டுத்தான் போவா."

அவ்வளவுதான். தட்டுச் சத்தமே கொலைக்குச் சாட்சியாகிவிட்டது. ஆவி வந்து தட்டுகிறதென்றால் ஆள் செத்தது நிஜம். செத்தது நிஜமென்றால் கொன்றவன் ஒருவன் இருக்க வேண்டும். எல்லாரும் குமரப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். குமரப்பன் மீனாளைப் பார்த்தான்.

அன்றைக்கு அவர்கள் அறையில் அவள் மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, ஒருவேளை அயித்தை உசிரோட உள்ளயே இருந்தா?"

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? பூட்டுனது நீதானே. உள்ள ஆளு இருந்தது உனக்குத் தெரியாதா?"

"நான் பார்க்கலீங்களே. பார்க்கக் கூடாதுன்னு..."

"வாய மூடு. இந்த வார்த்தை வெளிய போச்சுன்னா ரெண்டு பேருக்கும் தூக்குத்தான்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மனசை மூட முடியவில்லை. இடுப்பில் சாவி உறுத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை உச்சியில், ஊர் இன்னொரு தரம் ஊருணியைக் கலக்கப் போன நேரத்தில், மீனாள் தனியாகக் கடைசிக் கட்டுக்குப் போனாள். கதவின் முன்னால் உட்கார்ந்தாள். தட்டு இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், அடியில், ஏதோ பிராண்டுகிற சத்தம்.

சாவியைப் பூட்டில் விட்டாள். அரைச் சுற்று சுற்றினாள்.

"மீனா."

கதவடி இடுக்கிலிருந்து, காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி ஒரு குரல். கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சீமையில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: உச்சியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்னவென்று கேட்காதே. பேய் இரண்டு தரந்தான் கூப்பிடும். மூன்றாந்தரம் கூப்பிட்டால்தான் மனுஷக் குரல்.

மீனாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மீ...னா."

இரண்டு.

இன்னொரு தரம் கூப்பிடுங்கள் அயித்தை, ஒரே ஒரு தரம், என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். முருகா, கூப்பிடச் சொல்லு.

பிராண்டல் நின்றது. முற்றத்து வெயில் நடைக்கு ஏறியது. அது வெகுநேரம் ஏறுகிற வரைக்கும் அவள் அங்கேயே இருந்தாள்.

மூன்றாவது குரல் வரவில்லை.

அவள் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். செத்தவர்களுக்குத் தாகம் அடங்கட்டும் என்று ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நிலைப்படியில் ஊற்றினாள். தண்ணீர் கதவிடுக்கை நோக்கி ஓடியது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லை. ஆவி தணிந்துவிட்டது என்று ஊர் நிம்மதியாகச் சாப்பிட்டது. பிச்சையம்மாளுக்குச் சேலை எடுத்துக்கொடுத்தார்கள்.

வாடை வந்தது செவ்வாய்க்கிழமை. எலி என்று முதலில் சொன்னார்கள். மறுநாள் யாரும் எலி என்று சொல்லவில்லை. பங்காளிகளைக் கூட்டி, இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு, மீனாள் கையாலேயே திறக்க வைத்தார்கள். கதவு முழுக்கத் திறக்கவில்லை. உள்ளே எதுவோ தடுத்தது.

விரதக் களைப்பில் பேழைகளுக்குப் பின்னால், புருஷனுக்கு வைத்த வேட்டி ஓரமாக, ஆச்சி கொஞ்சம் தலை சாய்த்திருக்க வேண்டும். கூட்டம் கலைந்ததோ கதவு சாத்தியதோ அந்த மந்தக் காதுக்கு எட்டியிருக்காது. உள்ளே வைத்த செம்பு காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. கதவின் அடிப்பலகையில் நகக் கீறல்கள். அவள் முந்தானையின் ஒரு முனை கதவிடுக்கில் செருகியிருந்தது. நிலைப்படியிலிருந்து வந்த ஈரத்தை உறிஞ்சுவதற்கு. மறுமுனை அவள் வாயில் இருந்தது.

மீனாள் அழவில்லை. கத்தவுமில்லை. "மூணாந்தரம் கூப்பிட நாக்கு வரலையா அயித்தை?" என்று மட்டும் கேட்டாள். அருகில் நின்ற யாருக்கும் அது புரியவில்லை.

விபத்து என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போனார். ஊர் அப்படி விடுமா? வேண்டுமென்றே பூட்டினாள் என்றது. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே சாகவிட்டாள் என்றது. கன்னத்தில் போட்டுக்கொண்ட அந்த நாற்பது பேர்தான் அதை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்கள். ஊருணியில் பார்த்ததாகச் சொன்ன ஆண்டிச்சாமியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குமரப்பன் தனியாகத் திருச்சிக்குத் திரும்பிப் போய்விட்டான். மீனாளைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள்.

அடுத்த பங்குனியில் மறுபடி படைப்பு. பேழையில் இந்தத் தடவை சாலா ஆச்சிக்கும் ஒரு வெள்ளைச் சேலை. முறை கைமாறியது. பூட்டுவதற்கு உடையப்பனின் மருமகள் முதுகைக் காட்டி வந்தாள். மீனாள் அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போய், ஒவ்வொரு பேழையையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "அபச்சாரம்! இவள வெளிய இழுங்க!" என்று உடையப்பன் கத்தினார். அவள் எல்லாம் பார்த்த பிறகுதான் வெளியே வந்தாள்.

மறுநாள் உச்சியில் தட்டு கேட்டது.

இந்தத் தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. கோடாலிக் காம்பால் பூட்டைப் பெயர்த்துக் கதவை அகலத் திறந்தாள். உள்ளே யாருமில்லை. பேழையில் மடித்து வைத்த வெள்ளைச் சேலையின் முந்தானை மட்டும் தரையோடு நீண்டு கதவு வரைக்கும் வந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

அதற்குப் பிறகு அந்தக் கதவைச் சாத்த அவள் யாரையும் விடவில்லை. பங்காளிகளும் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்கள். தினமும் உச்சியில் ஒரு செம்புத் தண்ணீரோடு நிலைப்படியில் உட்காருவாள். "தொறந்துதான் கெடக்கு அயித்தை. வாங்க. தண்ணி வச்சிருக்கேன்," என்பாள்.

சுவரோடு சேர்த்துத் திறந்து கிடக்கும் அந்தக் கதவின் அடிப்பலகையில், பதிலுக்கு, மெல்ல மூன்று தட்டு கேட்கும். திறந்திருப்பது ஆச்சிக்குத் தெரியவில்லை. எத்தனை தரம் சொன்னாலும் அந்தக் காதுக்கு எட்டவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தட்டு நின்ற பிறகு, பேழைகளுக்குப் பின்னாலிருந்து காய்ந்த ஓலை உரசியது.

"மீனா."

ஒரே ஒரு தரம். அது மூன்றாவது.